தக்க நடவடிக்கை

வட்டாரக் கல்வி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மேசையின் தலைப்பக்கம் வட்டாரக் கல்வி அதிகாரி. அவருக்கு வலப்புறம் பள்ளித் தலைமையாசிரியை. இடப்புறம் எழுத்தர், அவர் முன்னால் நாடா கட்டிய ஒரு கோப்பு. கதவை ஒட்டிய கடைசி நாற்காலியில் பள்ளிப் பேருந்தின் உதவியாளர், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவளுக்கு நேர் எதிரே, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் ஊழியர் ஒருவர். ஆறாவதாக ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று தெரியாமல் மீட்டர்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் அலுவலகத்தில் அவருக்கு ‘அனுப்புநர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். டார்ச் விளக்குக்குப் புது பேட்டரி வேண்டுமா, நாய் கடித்ததற்கு விடுப்பு வேண்டுமா, எதுவானாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் வெள்ளைத்தாளை எடுத்து, ஓரத்தை மடித்துக் கோடு போட்டு, இடப்பக்கம் ‘அனுப்புநர்’ என்று தொடங்குவார். பிறகு பெறுநர், ஐயா, பொருள், வணக்கம், செய்தி, இப்படிக்கு, இடம், நாள். சின்ன ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் கற்றது. காற்புள்ளி ஒன்று விட்டுப்போனால் அரை மதிப்பெண் போகும் என்று பயந்து பயந்து கற்ற பாடம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

பயமும் போகவில்லை. பூட்டாத கேட்டானாலும் இரண்டு தடவை ஆட்டிவிட்டு, உள்ளே நாய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் காலை வைப்பார். அப்படிப்பட்டவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் வந்தது. ‘தாங்கள் அளித்த குறை மனு தொடர்பான விசாரணைக்கு நேரில் வரவும்.’ அவர் எந்தக் குறையும் எழுதவில்லை. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவருடைய பயத்துக்குக் காரணம் ஒரு கையெழுத்து. மகளுக்கு எட்டு வயது. இடக்காது சுத்தமாகக் கேட்காது, வலக்காதில் கருவி. கேட்காத பிள்ளைகளுக்கென்று தனி ஆசிரியை இருப்பது இந்த வட்டாரத்தில் அந்த ஒரே பள்ளியில்தான். அவர்கள் வீடோ வட்டார எல்லைக்கு இரண்டு தெரு வெளியே. வெளியார் பிள்ளை இங்கே படிக்க ஆண்டுதோறும் அதிகாரி அனுமதி தர வேண்டும். இந்த ஆண்டு விண்ணப்பத்தைப் போன மாதமே கொடுத்தாயிற்று. இன்னும் கையெழுத்தாகவில்லை. அந்தத் தாள் இதே கட்டடத்தில், இதே மனிதருடைய ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “உங்க குறை மனு வந்ததும் சும்மா இருக்கல, சார். நடவடிக்கை எடுத்தாச்சு. இந்தம்மாவை ஒன்பது நாளா வேலையிலிருந்து நிறுத்தி வெச்சிருக்கோம்.”

அனுப்புநர் நிமிர்ந்தார். எதிரே இருந்தவளைப் பார்த்தார். பிள்ளைகள் அவளை ‘உள்ளேன் அக்கா’ என்பார்கள். பேருந்தில் ஏறியதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒவ்வொன்றும் “உள்ளேன் அக்கா” என்று கத்த வேண்டும். இறங்கும்போது “போய்ட்டு வரேன் அக்கா” சொல்லாமல் யாரும் படியில் கால் வைக்க முடியாது. அந்த அக்கா இப்போது அவரைப் பார்க்காமல், மேசை விளிம்பில் பெயர்ந்திருந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, நான் குறை எழுதலைங்க” என்றார். “அது பாராட்டுக் கடிதம்.”

எழுத்தர் நாடாவை அவிழ்த்து, தாளைத் திருப்பி, வாசித்தார். “‘பொருள்: பள்ளிப் பேருந்து உதவியாளரின் செயல், தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருதல், தொடர்பாக.’” விரல் அடிக்குப் போனது. “‘எனவே, மேற்படி உதவியாளர் விஷயத்தில் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ உங்க கையெழுத்துதானே?”

அவருடைய கையெழுத்துதான். முத்து முத்தாக இருந்தது. எல்லாக் கடிதமும் அந்த வரியில்தான் முடியும் என்று அவர் கை நம்பியிருந்தது. தெருக்குழாய் உடைந்ததற்கும் அதே வரி, மேலாளர் ஓய்வுபெற்றதற்கு எழுதிய வாழ்த்திலும் அதே வரி. வாழ்த்தைப் படித்து மேலாளர் சிரித்தாரே தவிர யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

“அது வழக்கமா எழுதற வரிங்க. பாராட்டுக்கு உண்டான நடவடிக்கைன்னு…”

“பாராட்டுக்கு என்ன சார் நடவடிக்கை? மாலை வாங்கிப் போடறதா?” என்றார் அதிகாரி. சிரிக்கவில்லை. “சரி, வரியை விடுங்க. நடுவுல என்ன எழுதியிருக்கீங்க, அதைப் படிங்க.”

எழுத்தர் படித்தார். தான் எழுதியதை இன்னொருவர் குரலில் கேட்கும்போது அனுப்புநருக்கு அது வேறு யாருடைய கடிதமோ போல இருந்தது. மீட்டர் பார்த்துப் பழகிய கை அல்லவா, எல்லாவற்றுக்கும் மணி போட்டிருந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு இறங்க வேண்டிய மகள் இறங்கவில்லை. கருவியில் பேட்டரி தீர்ந்திருந்ததால் கூப்பிட்டது கேட்காமல், கடைசி இருக்கையில் பைகளுக்கு நடுவே தூங்கிப்போயிருந்தாள். நான்கு இருபதுக்குப் பேருந்து ஷெட்டில் பூட்டப்பட்டது. வியாழக்கிழமைகளில் தனி ஆசிரியையிடம் இருந்துவிட்டு ஐந்தரைக்குத்தான் வருவாள் என்பதால் வீட்டில் யாரும் தேடவில்லை. அன்று ஆசிரியை விடுப்பு என்பது வீட்டுக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போது, அன்றைக்கு ஒரு ‘போய்ட்டு வரேன் அக்கா’ குறைந்தது நினைவுக்கு வந்தது. கழுவின காலோடு ஓடி, காவலாளியிடம் சாவி வாங்கி, ஐந்து ஐந்துக்குப் பேருந்தைத் திறந்து, விழித்துப் பயந்து இருக்கைக்கு அடியில் சுருண்டு கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்து சேர்த்தாள்.

“‘ஒரே ஒரு குரல் குறைந்ததைக் காதில் வைத்திருந்த அந்த அம்மையாருக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டுள்ளது’” என்று எழுத்தர் முடித்தார்.

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பூட்டின பஸ்ல நாற்பத்தஞ்சு நிமிஷம்” என்றார் அதிகாரி. “இதைப் பாராட்டுங்கறீங்க.”

இந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்தபோது அனுப்புநரின் மனைவியும் ஏறத்தாழ இதையேதான் சொன்னாள். அவள் ஜெராக்ஸ் கடையில் வேலை. “இது பாராட்டா? எனக்குப் படிக்கப் படிக்க அடிவயிறு இழுக்குது” என்றாள். குறை என்று எழுதினால் அது பிள்ளை மேல் விழும், பாராட்டாக எழுதினால் படிக்கிறவர்கள் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள் என்று ஒரு கணக்கு அவர் மனசுக்குள் ஓடியது. நன்றியும் நிஜம்தான். ஆனால் நன்றிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும் நிஜம்.

அதிகாரி ஒரு படிவத்தை மேசைமேல் தள்ளினார். மேலே இரண்டு சதுரக் கட்டங்கள். ஒன்றின் பக்கத்தில் ‘பாராட்டு’, மற்றதன் பக்கத்தில் ‘குறை’. கீழே எழுதுவதற்குப் பத்து வரி இடம்.

“முதல்லயே இந்தப் படிவத்துல குடுத்திருந்தா இவ்வளவு குழப்பம் இல்ல. எது உங்களுடையதோ அதுல டிக் போடுங்க. ரெண்டுலயும் போட்டா செல்லாது. பாராட்டுன்னா இந்தம்மா நாளைக்கே வேலைக்கு வரலாம், கோப்பை மூடிடுவேன். குறைன்னா விசாரணை நடக்கும். முடிவு எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது.”

தலைமையாசிரியை அவர் பக்கம் சாய்ந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. “பாராட்டுன்னே போட்டுடுங்க சார். எல்லாருக்கும் நல்லது. பாப்பாவோட அனுமதி வேற இந்த மாசம் புதுப்பிக்கணுமில்ல?”

அக்கறையாகச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பையே உற்றுப் பார்த்தார். வாலை ஆட்டிக்கொண்டே கடித்த நாய்களையும் பார்த்திருக்கிறார், குரைத்தே பொழுதைப் போக்கிய நாய்களையும் பார்த்திருக்கிறார். பேனாவைத் திறந்தார். முனை ‘பாராட்டு’ கட்டத்துக்கு மேலே போய் நின்றது.

“டிரைவர் ஏங்க வரல?” என்றாள் அக்கா. அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. காலி நாற்காலியைத் தாடையால் காட்டினாள்.

“அவரால வர முடியாது. காலைல டிரிப் முடிச்சு வண்டியைக் கழுவணும், பசங்களை ஏத்தணும், இறக்கணும், எல்லாம் அவர்தானே பார்க்கறார்” என்றார் தலைமையாசிரியை.

“தனியாவா?” என்று கேட்டது அனுப்புநர்.

“மாற்று ஆள் கேட்டிருக்கோம். இன்னும் வரல.”

ஒன்பது நாள். போன வாரம் மகள் வந்து, “அக்கா வரலப்பா. நானே என் பேரைச் சொல்லிக்கறேன், நானே உள்ளேன்னு சொல்லிக்கறேன்” என்றாள். விடுப்பில் போயிருப்பாள் என்று நினைத்து அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கருவியைக் கழற்றி, பேட்டரி மாற்றியாயிற்றா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழிட விடுவதில்லை. ஒன்பது நாளாக அந்தப் பேருந்தின் கடைசி இருக்கையை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அப்படிச் செய்தது யார்? ‘தக்க நடவடிக்கை’ என்று எழுதிய இந்தக் கை.

பேனாவை மூடினார். “வீட்டுல கலந்து பேசி எழுதித் தரேங்க.”

“இன்னைக்கே வேணும்” என்றார் அதிகாரி. “தபால்ல போட்டாலும் சரி, இன்னைக்குத் தேதி முத்திரை இருக்கணும்.”

படிவத்தை நாலாக மடிக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. ‘பெற்றோர் கவனத்திற்கு: பாராட்டோ குறையோ, முதலில் வகுப்பாசிரியரிடம் சொல்லவும். தீராவிடில் தலைமையாசிரியரிடம். அதன்பின் இவ்வலுவலகத்துக்கு எழுத்து மூலம். பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஏழு வேலை நாட்களில் எழுத்தில் பதில் தரப்படும்.’ முதல் படியையும் இரண்டாம் படியையும் தாண்டி நேராக மூன்றாவதில் குதித்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. வகுப்பாசிரியர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம். தாளுக்கு முகம் கிடையாதே என்று எழுதியிருந்தார்.

பின்னால் செருப்புச் சத்தம். அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, நான் வேணும்னு…”

“தெரியும் சார். பாராட்டுதான் எழுதியிருக்கீங்க. மாலையைப் போட்டுட்டு அதையே பிடிச்சு இறுக்கின மாதிரி.” அவள் நிற்கவில்லை. அவர் கூடவே இறங்கினார். “வீட்டுல என் மாமியார் கேட்கறாங்க, உன்னைப் பாராட்டினதுக்கே வேலை போச்சே, திட்டியிருந்தா ஜெயில்ல போட்டிருப்பாங்களான்னு.”

“நான் பாராட்டுன்னே போட்டுடறேங்க அக்கா. நாளைக்கே நீங்க வந்துடலாம்.”

அவள் கடைசிப் படியில் நின்றாள். “வந்து?”

“என்னங்க?”

“வந்து என்ன செய்யறது? அன்னைக்கு பஸ்ல எத்தனை பேரு தெரியுமா சார்? அறுபத்தொண்ணு. முன்னாடி முப்பத்தி நாலு. ரெண்டு ரூட்டை ஒண்ணாக்கிட்டாங்க. நடுவுல பசங்க நிக்கறதுல என்னால டிரைவர் சீட்டைத் தாண்டிப் போக முடியாது. ஷெட்டுக்குப் போனதும் பின்னாடி வரைக்கும் போய்ப் பார்க்கறதுதான் என் வழக்கம். இப்ப ஷெட்டுக்கு முந்தின ஸ்டாப்புலயே என்னை இறக்கி விட்டுடறாங்க, வேலை நேரம் முடிஞ்சுதுன்னு. மூணு தடவை எழுதிக் குடுத்தேன் பள்ளிக்கூடத்துல. என் எழுத்தை யாரு படிச்சாங்க?” கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நீங்க எழுதினா படிக்கறாங்க. எவ்வளவு சீக்கிரம் படிச்சாங்க, பாருங்க.”

அது கிண்டலா, வேண்டுகோளா என்று கேட்பதற்குள் அவள் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி முன்னூறு பக்கப் புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடியைத் திறந்தபடியே விட்டாள்.

“என்ன ஆச்சு? வேர்த்துக் கொட்டுது. உட்காருங்க.”

அவர் வரிசையாகச் சொன்னார், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது முதல். உதவியாளர் இல்லாமல் ஒன்பது நாள் என்றதும் அவள் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தாள்.

“ஒன்பது நாளா எம்பொண்ணு…” என்று படிவத்தைப் பார்த்தாள். பிறகு, “கட்டத்துல எதுல டிக் போடப் போறீங்க?” என்றாள்.

“பாராட்டுல போட்டா அக்கா வந்துடுவா. அறுபத்தொண்ணு அப்படியே இருக்கும். குறையில போட்டா அக்காவுக்கு வேலை போயிடும். அனுமதிக் கையெழுத்தும்…” விரல்களைப் பிசைந்தார். “வேற பள்ளிக்கூடத்துல அந்த மாதிரி டீச்சர் இல்ல. ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டு இப்பத்தான் ‘ழ’ சொல்றா.”

“ரெண்டுலயும் போடுங்க.”

“செல்லாதுன்னு சொல்லிட்டாங்க.”

“ஒரு படிவத்துல ரெண்டு டிக் போட்டாத்தானே செல்லாது?” அவர் கையிலிருந்து சுருளைப் பிடுங்கினாள். நீவி, கண்ணாடியின் மேல் கவிழ்த்து, மூடியை அழுத்தினாள். வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. சூடான தாள் ஒன்று வெளியே வந்தது. “இந்தாங்க. அக்காவுக்குப் பாராட்டு ஒரு படிவம். பஸ்ஸுக்குக் குறை ஒரு படிவம். இதெல்லாம் நான் சொல்லணுமா? கடிதம் எழுதறதுல பெரிய பண்டிதர்னு ஊரே சொல்லுது.”

அவர் வியந்துபோய்ப் பார்த்தார். ஐந்து பேர் உட்கார்ந்து யோசித்த அறையில் இது யாருக்கும் தோன்றவில்லை. உடனே பயம் திரும்பி வந்தது.

“பாராட்டை மட்டும் இன்னைக்குப் போடுவோமா? குறையை, அனுமதி வந்த பிறகு…”

“அனுமதி எப்ப வரும்?”

“தெரியாது.”

“பஸ் எப்ப வரும்?”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே கால். மூன்று ஐம்பத்தைந்துக்குப் பேருந்து வரும். ஓட்டுநர் மட்டும் இருக்கும் பேருந்து. அறுபத்தொரு பிள்ளைகள், அவர்களில் ஒருத்திக்குக் கூப்பிட்டால் கேட்காது.

கல்லாவின் ஓரத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாராட்டுப் படிவம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ‘இதன்மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம், அவரை வேலைக்கு அழைத்துக்கொள்வதைத் தவிர’ என்று கடைசியில் எழுதினார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, கை தேறிடுச்சு” என்றாள்.

குறைப் படிவம் அப்படிப் போகவில்லை. டிக் போட்டபோதே கோடு கட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டது. முதல் வரியில் ‘பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்கள் தவறாக எண்ணாமல்’ என்று எழுதினார். மனைவி இன்னொரு பிரதி எடுத்து நீட்டினாள். இரண்டாவதில் ‘யாரையும் குறை சொல்லும் நோக்கமில்லை’ என்று தொடங்கினார். “குறைன்னு டிக் போட்டுட்டுக் குறை சொல்ல வரலைன்னா, அந்த எழுத்தர் பாவம், எந்தக் கோப்புல வைப்பார்?” என்றாள். மூன்றாவது பிரதி வந்தது.

மூன்றாவதில் மீட்டர் எழுதுவதுபோல எழுதினார். மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, உள்ளே என்ன எண் இருக்கிறதோ அதை எழுதுவது. அந்த எண்ணைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரா என்று அங்கே யோசிப்பதில்லை. இணைக்கும் முன் முப்பத்து நான்கு பிள்ளைகள். இப்போது அறுபத்தொன்று. உதவியாளர் இறக்கிவிடப்படுவது ஷெட்டுக்கு முந்தைய நிறுத்தத்தில். பேருந்து பூட்டப்பட்டது நான்கு இருபது, திறந்தது ஐந்து ஐந்து. உதவியாளர் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தது மூன்று முறை. உதவியாளர் இல்லாமல் பேருந்து ஓடிய நாட்கள், இன்றோடு ஒன்பது. முதல் கடிதத்தில் வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லாமல் நேராக எழுதியது தன் தவறு என்றும், இதன் பிரதி அவர்களுக்கும் தரப்படுகிறது என்றும் ஒரு வரி.

கடைசி வரிக்கு வந்தார். கை தானாக ‘எனவே, தக்க நடவ’ வரைக்கும் போய்விட்டது. நிறுத்தினார். தக்க என்றால் எது தக்கது? அதை அவர்களிடம் விட்டதால்தான் பிள்ளைகள் ஒன்பது நாள் தனியாகப் போனார்கள். ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார். ‘ஒவ்வொரு நாளும் கதவைப் பூட்டுவதற்கு முன், ஒருவர் கடைசி இருக்கை வரை நடந்து போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு உதவியாளர் ஷெட் வரை வர வேண்டும். வழித்தடத்தைப் பழையபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். இது கிடைக்கும் அன்றே பேருந்தில் ஒருவர் இருக்க வேண்டும்.’

“அடிச்சதோட அனுப்பவா? வேற தாள்ல…”

“அப்படியே அனுப்புங்க. நாலாவது தாள் எடுத்தா நீங்க திரும்பவும் ‘ஐயா அவர்கள் தவறாக எண்ணாமல்’னு ஆரம்பிப்பீங்க.” இரண்டு படிவத்தையும் வாங்கிப் பிரதி எடுத்து அவருடைய கோப்பில் போட்டாள். “தனித்தனிக் கவர். ஒண்ணா போட்டா ஒண்ணுதான் பதிவேட்டுல ஏறும். பதிவுத் தபால்லயே போடுங்க. கையில குடுத்தா மேசைக்கு மேலயே கிடக்கும்.” அவர் பக்கம் பார்க்காமல் சொன்னாள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயமில்லாதவ மாதிரி பேசறேன்னு நினைக்காதீங்க.”

தபால் அலுவலகம் தெருக்கோடியில். அவர் போனபோது மணி இரண்டு ஐம்பது. வரிசையில் நாலு பேர். ஒவ்வொருவராக நகர நகர, தலைமையாசிரியையின் சிரிப்பு கண்ணுக்குள் வந்துபோனது. ‘பாப்பாவோட அனுமதி வேற.’ அனுமதி மறுக்கப்படுகிறது என்று ஒரு தாள் வரும். மகள் புதுப் பள்ளியில், புது வகுப்பில், வாயசைவைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்க உட்கார்ந்திருப்பாள். திரும்பிப் போய்விடலாம், பாராட்டை மட்டும் கொடுத்துவிட்டு. யாருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவர் முறை வந்தது. பாராட்டு உறையைக் கண்ணாடித் தடுப்பின் கீழ் தள்ளினார். தபால்காரம்மா எடை பார்த்து, சீட்டு ஒட்டி, முத்திரையைக் குத்தினாள். இரண்டாவது உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

“அனுப்புநர் எழுதல சார்.”

“என்னங்க?”

“இதோ, ‘அனுப்புநர்’ இடம் காலியா இருக்கு. பதிவுத் தபாலுக்கு இல்லாம முடியாது.”

அவர் உறையைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பெறுநர் முகவரி முத்து முத்தாக இருந்தது. இடப்பக்க மூலை வெறுமையாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதலாவதாக எழுதுகிற அதையே விட்டிருக்கிறார். மறந்தாரா, கை வேண்டுமென்றே விட்டதா, அவருக்கே தெரியவில்லை. உள்ளே படிவத்தில் பெயர் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் வெளியே எழுதாதவரைக்கும் இந்த உறை யாருடையதும் இல்லை என்று ஒரு நிமிடம் தோன்றியது. இப்போதே எடுத்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பின்னால் நின்றவர் செருமினார்.

“பேனா இருக்கா சார்?” என்றாள் தபால்காரம்மா.

“இருக்குங்க.”

தடுப்புக்கு முன்னால் இருந்த பலகையிலேயே வைத்து எழுதினார். பெயர், கதவு எண், தெரு. கதவு எண்ணின் கடைசி இலக்கம் கொஞ்சம் கோணலாக விழுந்தது. உறையின் ஒரு முனை ஒட்டாமல் பிரிந்திருந்தது. பக்கத்தில் இருந்த பசைக் குப்பியில் விரலைத் தொட்டு, முனையில் தடவி, கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார். பிறகு கண்ணாடியின் கீழ் தள்ளினார்.

முத்திரை விழுந்தது. தபால்காரம்மா அதை மற்றதன் மேல் போட, இரண்டும் சாக்குக்குள் இறங்கின. ஒப்புகைச் சீட்டு இரண்டையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டார். மணி மூன்று பத்து. பேருந்து பள்ளியை விட்டுக் கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கடிதம் போய்ச் சேரும்வரை அதில் தானே ஏறிக் கடைசி இருக்கை வரை போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, வேகமாக நடந்தார்.